நூற்றுப் பதினெட்டு 'சரிங்க'

2024 அக்டோபர் 2, புதன்கிழமை. மகாளய அமாவாசை. காந்தி ஜெயந்தி என்பதால் கம்பெனிக்கு விடுமுறை. காலை 5.10க்கு எழுந்தேன். மொட்டை மாடியில் மழைமானி காலி. நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன். 5.30க்கு மோட்டார் போட்டேன், 5.52க்குத் தொட்டி நிறைந்தது. 6 மணிக்குக் காபி. 6.20 முதல் 6.50 வரை ஊர் வாட்ஸ்அப் குழுவின் செய்திகளைப் படித்தேன். பிறகு குளியல். அமாவாசை விரதம் என்பதால் காலைப் பலகாரம் கிடையாது.

டைரியில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். சிட்கோவில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. மற்றவர்கள் பம்பை அளப்பார்கள். அவர்கள் அளக்கும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று நான் பார்த்து, தேதி போட்டுச் சீட்டு ஒட்டுவேன். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருப்பதில்லை. மழை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள் என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பேன். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு; அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

எங்களுடையது கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் பொள்ளாச்சி ரோட்டின் இரண்டு பக்கமும் கிடக்கிற சின்ன ஊராட்சி. ரோட்டுக்கு மேற்கே ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, தென்னந்தோப்புக்காரர்களின் வீடுகள், எங்கள் வீடு. கிழக்கே ஒரே நீள வீதி. கூலி வேலைக்கும், தேங்காய் நார் மில்லுக்கும் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். நடுவில் போகும் ரோடு நாலு வழிச்சாலை ஆனபிறகு அதைக் கடக்கப் பெரியவர்களே யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஊர் வாட்ஸ்அப் குழுவை மூன்று வருடம் முன்பு நான்தான் ஆரம்பித்தேன். உறுப்பினர்கள் 214 பேர். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர். குழுவுக்கு மூன்று விதிகள் வைத்திருந்தேன்: கட்சி கூடாது, பூப்படத்தோடு காலை வணக்கம் கூடாது, எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் தள்ளிவிடக் கூடாது. தண்ணீர் எப்போது வரும், கரண்டு எப்போது போகும், யார் வீட்டு மாடு அவிழ்ந்துகொண்டது, இவ்வளவுதான் அதில் வரும்.

அந்த வருடம் ஏப்ரலில் தேர்தல் நடந்தபோது ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர் எங்கள் டீக்கடையில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அண்ணனின் போன் ஒரு கட்சி ஜெயிப்பதாகக் காட்டியது. தம்பியின் போன் இன்னொரு கட்சியைக் காட்டியது. 'நானே பாத்தனுங்க, வீடியோவே இருக்குது' என்று இரண்டு பேரும் சொன்னார்கள், இரண்டு பேரிடமும் வீடியோ இருந்தது. நான் டீயைக் குடித்துக்கொண்டே மனசுக்குள் பெருமைப்பட்டேன். எங்கள் குழுவில் மட்டுமாவது எல்லோருக்கும் ஒரே செய்தி ஒரே மாதிரி தெரிகிறதே என்று.

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு வந்தார். எனக்கு மாமா முறை வேண்டும். கிழக்கு வீதி அங்கன்வாடியின் கூரை விரிசல் விட்டிருந்தது. அரசாங்கத்தில் புதுக் கட்டடம் தருகிறார்கள். ஊராட்சி இடம் ஒதுக்கிக் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். மேற்கே அலுவலகத்துக்குப் பக்கத்தில் அளந்து கல் நட்ட இடம் தயாராக இருந்தது. கிழக்கே தண்ணீர்த் தொட்டியை ஒட்டியும் இடம் உண்டு, ஆனால் அதைச் சர்வேயர் வந்து அளக்க வேண்டும்.

"மாப்ள, நம்ம குரூப்புல ஒரு மெசேஜ் போட்டு உடுங்க. சனங்க முன்னயே சொல்லிட்டா, கூட்டத்துல ஆளுக்கொரு ஞாயம் பேசிட்டிருக்க வேண்டியதில்லைங்க" என்றார்.

செய்தியை ஒழுங்காக எழுதினேன். ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம் சொல்லி, புதிய கட்டடம் வரப்போகும் மகிழ்ச்சியைத் தெரிவித்து, அதில் என்னென்ன வசதிகள் இருக்கும் என்று வரிசைப்படுத்தி, பதினோராவது வரியில் இடத்தைக் குறிப்பிட்டேன். தலைவர் அனுப்பிய படத்தையும் மேலே சேர்த்தேன். வேறு எந்த ஊரிலோ கட்டிய அங்கன்வாடி. சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்தது.

ஒரு வாரத்தில் வந்த பதில்களை எண்ணினேன். 'சரிங்க' 118. கட்டை விரல் 31. கும்பிடு 27. 'பாக்கலாமுங்க' 9. யாருக்கோ போக வேண்டிய பிறந்தநாள் வாழ்த்து 1. ஆக 186. பதில் போடாதவர்கள் 28. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். கட்டை விரலுக்கும் கும்பிடுக்கும் என்ன பொருள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். 'சரிங்க' போட்ட 118 பேரின் பெயரை மட்டும் வீதிவாரியாக எழுதி ஊராட்சி எழுத்தரிடம் கொடுத்தேன். மேலே 'ஒப்புதல் தெரிவித்தோர்' என்று தலைப்பு. அந்தத் தலைப்பை யாரும் கேட்கவில்லை. நானாக எழுதியது.

அக்டோபர் 2 காலை 7.40க்கு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கிழக்கு வீதிக் கடைசி வீடு. நார் மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். புருஷன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் ஆறேழு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

"ஏனுங்ணா, அங்கன்வாடிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாத்தறாங்களாமா?"

"ஆமா அம்மணி. இன்னிக்குக் கூட்டத்துல தீர்மானம்."

"அங்கன்வாடி ஆயாக்கா நேத்துதானுங்க சொன்னாங்க. உங்க லிஸ்டுல எம்பேரும் இருக்குதாமா."

உள்ளே போய் என் நகலை எடுத்து வந்தேன். கிழக்கு வீதி, வரிசை எண் 41. தேதியும் நேரமும்கூடக் குறித்திருந்தேன். செப்டம்பர் 26, மாலை 4.12.

"நீதானம்மா 'சரிங்க'ன்னு போட்டிருக்கே."

"போட்டனுங்க. சரிங்கன்னா, கேட்டுக்கிட்டேன்னுதானுங்களே?"

தாளைத் திரும்பப் பார்த்தேன். குழந்தை என் கையிலிருந்த காகிதத்தைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் கையை விடுவித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மில்லு வண்டி எங்க வீதி முக்குக்கு எட்டே காலுக்கு வருமுங்க. ஆயாக்கா பக்கத்து ஊடு, எனக்காக எட்டு மணிக்கே தொறந்து பாப்பாவ வாங்கிக்குவாங்க. இந்தப் பக்கம் வந்துட்டா, இவளத் தூக்கிட்டு அந்த ரோட்டத் தாண்டி, உட்டுப்போட்டு, மறுக்காத் தாண்டி வரோணும். வண்டி நிக்காதுங்ணா. ரெண்டு நாள் உட்டா மூணாம் நாள் ஆள மாத்திருவாங்க. வேல போச்சுன்னா அவ்வளவுதானுங்க."

"இதைக் குரூப்புலயே சொல்லியிருக்கலாமே?"

"எப்புடிங்ணா? நாங்க டீ குடிக்கற பத்து நிமிசத்துலதான் போனத் தொறப்போம். அதுக்குள்ள தொண்ணூறு மெசேஜு வந்து கெடக்குது. உங்க மெசேஜுல படம் அழகா இருந்துச்சு, புதுக் கட்டடம்னு போட்டிருந்துச்சு. எல்லாரும் சரிங்க, சரிங்கன்னு போட்டிருந்தாங்க. நா மட்டும் போடாம இருந்தா, இவளுக்குத் திமிரப் பாருன்னு நெனக்க மாட்டாங்களா?"

குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"எம்பேரச் சொல்லீராதீங்ணா. தலைவருக்கு எதுத்துப் பேசுனாப்பல ஆயிரும். நீங்களாப் பாத்து ஏதாச்சும் செய்யுங்."

"சரி, கூட்டத்துக்கு வா" என்றேன். "சரிங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான், இந்த 'சரிங்ணா'வுக்கு வருவேன் என்று பொருளா, இல்லையா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

சமையலறையில் வடைக்கு ஆட்டிக்கொண்டிருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வரும்போது மல்லித்தழை வாங்கிட்டு வாங்கன்னு நான் மெசேஜ் போட்டா நீங்க என்ன போடறீங்க?"

"சரின்னு போடறேன்."

"என்னைக்காவது வாங்கிட்டு வந்துருக்கீங்களா?"

அவள் போனை வாங்கி அந்தச் செய்தியைத் திறந்தேன். அவளுடையது சின்ன போன். முதலில் படம், யானை, முயல். அதற்குக் கீழே வணக்கம், மகிழ்ச்சி, வசதிகளில் முதல் இரண்டு. அத்தோடு நின்று, நீல எழுத்தில் 'ரீட் மோர்' என்று இருந்தது. அதைத் தொட்டால்தான் பதினோராவது வரி தெரியும். என் போன் பெரியது; அதிலும் அப்படித்தான் மடங்கியிருக்கும். ஆனால் எழுதியவன் நான் என்பதால் அந்த மடிப்பு என் கண்ணில் பட்டதே இல்லை.

"நீ இதை முழுசாப் படிச்சியா?"

"புதுக் கட்டடம் வருதுன்னு படிச்சேன். 'சரிங்க'ன்னு போட்டேன்" என்றாள் கிரைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். என் பட்டியலில் அவள் வரிசை எண் 7.

உட்கார்ந்து அந்த ஒன்பது 'பாக்கலாமுங்க'வைத் திரும்ப எடுத்தேன். அவற்றை 'முடிவு சொல்லாதவர்கள்' என்று தனியே வைத்திருந்தேன். ஒன்பதில் ஏழு கிழக்கு வீதி. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் 'பாக்கலாமுங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், அவர்கள் கார் முக்குத் திரும்புவதற்குள் பெண் வீட்டார் அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை இந்த ஊரில் இருந்துவிட்டு, திரையில் பார்த்ததும் அது எனக்கு மறந்துபோயிருக்கிறது. வேண்டாம் என்பதை இங்கே யாரும் அந்தச் சொல்லால் சொல்வதில்லை. ஏழு குடும்பங்கள் அதைச் சொல்லியே விட்டன. அதற்கு நான் கட்டம் போட்டு வேறு பெயர் எழுதியிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் கிழக்கு வீதிப் பெண்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். குழு வருவதற்கு முன் நடந்த கூட்டங்களில் அவர்களில் பலருடைய குரலை நான் கேட்டதே கிடையாது. தண்ணீர் வரவில்லை என்று முதல்முதலாக அந்த வீதியிலிருந்து ஒரு பெண் குழுவில் எழுதிய நாளை டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழையோடு ஒரே வரி. மறுநாளே வால்வைச் சரி செய்தார்கள். போன் இல்லாவிட்டால் அந்த வரி தலைவர் காதுக்கு வந்திருக்காது. அதனால் போனைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு அன்றும் இல்லை. எண்ணியவன்தான் தவறாக எண்ணினான்.

11 மணிக்குக் கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் ஊராட்சிக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும்; இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. 11.15க்குத் தலை எண்ணினேன், 43. எழுத்தர் என்னிடம் வந்து, "குரூப்புல ஒரு வார்த்த போட்டு உடுங்க சார்" என்றார். 'கூட்டம் தொடங்கிவிட்டது, உடனே வரவும்' என்று 11.17க்குப் போட்டேன். 11.40க்குள் 36 'சரிங்க' வந்தது. ஆள் ஐந்து பேர் வந்தார்கள். பட்டியல் சரியில்லை என்பதற்கு அதைவிட நல்ல சோதனையை நானே யோசித்திருந்தாலும் செய்திருக்க முடியாது.

கடைசியில் நூறு நாள் வேலைப் பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்தார்கள். 106 ஆனது. கடைசி வரிசையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் இருந்தாள்.

மேற்பார்வைக்கு வந்திருந்த ஒன்றிய அலுவலர் பொருள் ஒவ்வொன்றாகப் படித்தார். அங்கன்வாடி ஐந்தாவது. தலைவர் எழுந்தார்.

"இதுக்கு நெம்பப் பேச வேண்டியதில்லைங்க. ஏற்கனவே நம்ம குரூப்புலயே எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. லிஸ்டு இருக்குது. மேக்கால, ஆபீஸ் பக்கத்துல. எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?"

"சரிங்க" என்றது கூட்டம். நான் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடும் அசைந்தது.

எழுந்து நின்றேன்.

"தலைவருங்க, அந்த லிஸ்டு நான் குடுத்தது. அது தப்புங்க. திருப்பிக் குடுத்துருங்க."

"வந்துட்டாரப்பா மீட்டரு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

தலைவர் புரியாமல் பார்த்தார். "எண்ணுனதுல தப்பா மாப்ள? நீங்க ரெண்டு மட்டம் கூட்டிப் பாப்பீங்களே."

"கூட்டுனது சரிங்க. அதுல இருக்கற நூத்திப் பதினெட்டுப் பேரும் மெசேஜப் பாத்தோம்னு சொன்னவங்க. ஒத்துக்கறோம்னு சொன்னாங்களான்னு நான் கேக்கவே இல்லீங்க. எடம் எங்கங்கறது பதினோராவது வரில இருக்குது. போன் நாலஞ்சு வரியோட மடிச்சுருது. எங்க ஊட்லயே படிக்கல."

"அட என்னுங் மாப்ள, சரிங்கன்னா சரின்னுதானுங்களே அர்த்தம்?"

நூறு நாள் வேலைப் பெண்களின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "தலைவருங்களே, போன கூட்டத்துல எங்க வீதிக்கு ரெண்டு லைட்டு கேட்டப்ப நீங்களும் 'சரிங்'னுதானுங்க சொன்னீங்!"

சாமியானா அதிர்ந்தது. ஒன்றிய அலுவலர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். தலைவரும் சிரித்துவிட்டார், சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சரி சரி, லைட்டு வந்துருமுங்க" என்றார்.

"எந்த சரிங்க இது?" என்றது அதே குரல்.

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. பிறகு அலுவலர், "யாருக்காவது ஆட்சேபணை இருந்தா எந்திரிச்சுச் சொல்லுங்க, பதிவு பண்ணணும்" என்றார். அவ்வளவு நேரம் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டிருந்ததால் கடைசி வரிசைப் பக்கம் திரும்பாமல் பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலர் பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்…"

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். வரும்போதே சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். தலைவரைப் பார்க்கவில்லை, அலுவலரைப் பார்த்துச் சொன்னாள்.

"புதுக் கட்டடம் வரட்டுமுங்க, சந்தோசம். இங்க மேக்கால வந்தா எனக்குச் சௌரியப்படாதுங்க."

மில் வண்டி, எட்டே கால், ரோட்டைக் கடப்பது, எல்லாவற்றையும் என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். நடுவில் குழந்தை அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்தது. அதை எடுத்துவிட்டுத் தொடர்ந்தாள். முடித்துவிட்டு, "தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அவள் சொல்லி முடித்ததும் இன்னொருத்தி எழுந்தாள். எனக்குஞ் சௌரியப்படாதுங்க. அப்புறம் இன்னொருத்தி. குழுவில் மூன்று வருடமாக வந்த எந்தச் செய்தியிலும் நான் பார்க்காத சொல் அது. ஐந்து பேர் சொன்னார்கள். ஐந்தையும் கைநோட்டில் எழுதிக்கொண்டேன்.

"இத முன்னாலயே எங்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன கண்ணு?" என்று தலைவர் அவளைக் கேட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. தன் தாயார் வைத்த தோப்பிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் அவர். ஊருக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. தயாராக இருக்கிற இடத்தைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தார். "எனக்கு என்ன பயம்னா, தீர்மானத்த ஒரு வாரத்துல அனுப்போணும். இல்லாட்டி கட்டடத்த அடுத்த ஊராட்சிக்குக் குடுத்துருவாங்க. அப்பறம் கெழக்கால அந்த ஓட்டக் கூரைதான்."

அது உண்மை. அவள் முகம் மறுபடி வாடியது. கட்டடமே போய்விட்டால் அதற்கும் அவளைத்தான் கைகாட்டுவார்கள்.

அலுவலர் வழி சொன்னார். கட்டடம் வேண்டும் என்று தீர்மானம். இடத்துக்கு மேற்கு, கிழக்கு இரண்டையும் எழுதுவது. குழந்தைகள் உள்ள வீடுகளைக் கேட்டு எது என்று சனிக்கிழமைக்குள் எழுத்துமூலம் கொடுத்தால், அதைச் சேர்த்து அனுப்புவது. கிழக்கு என்றால் திங்கட்கிழமை சர்வேயரை வரச் சொல்லலாம்.

"யாரு போயிக் கேக்கறது?" என்றார் தலைவர். கூட்டமே என்னைப் பார்த்தது.

12.50க்குக் கூட்டம் முடிந்தது. வீட்டில் இலை போட்டுக் காத்திருந்தார்கள். காக்கைக்கு வைத்த சோற்றை அன்று காக்கை 1.35க்குத்தான் எடுத்தது, நாங்கள் சாப்பிட்டது 1.45.

சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீடு வீடாக எதற்கு நடக்க வேண்டும்? வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வைக்கும் வசதி இருக்கிறது. 'அங்கன்வாடி எங்கே வேண்டும்? மேற்கு / கிழக்கு' என்று இரண்டே சொல். மடிப்பு கிடையாது, 'சரிங்க' போட இடம் கிடையாது. 5.05க்குப் போட்டேன். முதல் ஓட்டு 5.06க்கு விழுந்தது: மேற்கு. தலைவரின் தம்பி. யார் யார் எதற்குப் போட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்படி பெயர் வரிசையாக வந்தது. அதன் பிறகு எட்டுப் பேர், எட்டும் மேற்கு. அதில் மூன்று பேர் காலையில் 'சௌரியப்படாதுங்க' என்று எழுந்து நின்றவர்களின் புருஷன்மார்.

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"முன்னால நிக்கற ஆளு எந்த பஸ்ல ஏறறாருன்னு பாத்துட்டு ஏறற மாதிரி இருக்குது" என்றாள்.

5.31க்கு அதை அழித்தேன். குழுவில், 'நாளை காலை முதல் கிழக்கு வீதியில் வீட்டுக்கு வீடு நேரில் வருகிறேன்' என்று ஒரே வரி போட்டேன். ஒரு வரி என்பதால் மடியவில்லை. 'சரிங்க' என்று நிறைய வந்தது, எண்ணவில்லை. எண்ணாமல் விட்டதையும் டைரியில் குறித்திருக்கிறேன்.

பிறகு பழைய பட்டியலின் நகலை எடுத்து, 'ஒப்புதல் தெரிவித்தோர்' என்ற தலைப்பை ஒரே கோடாக அடித்து, மேலே 'செய்தியைப் பார்த்தோர்' என்று எழுதினேன். கம்பெனியில் தவறாகக் காட்டும் கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைப்போம், தூக்கி எறிவதில்லை. அந்தத் தாள் இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வியை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 'மேற்கே வைத்தால் சரியா?' என்று முதலில் எழுதினேன், அடித்தேன். 'கிழக்கே வைக்கலாமா?' என்றால் அதற்கும் 'சரிங்க'தான் வரும். கடைசியில் 'அங்கன்வாடி எங்கே வேண்டும்?' என்று மட்டும் எழுதி வைத்தேன்.

அக்டோபர் 3, வியாழக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். மாடிக்குப் போகவில்லை, மழைமானியைப் பார்க்கவில்லை. போனை மேசையிலேயே விட்டுவிட்டு நோட்டும் பேனாவுமாக ரோட்டைக் கடந்தேன். இரண்டு லாரி, ஒரு பஸ் போகட்டும் என்று நின்றதில் நாலு நிமிடம். என் இடுப்பில் குழந்தை இல்லை.

வீதி முக்குக்கு வரும் மில் வண்டிக்குக் கடைசி வீட்டுக்காரர்கள்தான் முதலில் கிளம்ப வேண்டும் என்பதால் வீதியின் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். 5.40க்கு அவள் வாசலில் நின்று கூப்பிட்டேன். கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தாள்.

"அங்கன்வாடி எங்கம்மா வேணும்?"

"அதான் நேத்தே சொன்னனுங்களே" என்று சிரித்தாள். பிறகு, நான் பேனாவைத் திறந்து காத்திருப்பதைப் பார்த்து, நிதானமாகச் சொன்னாள். "கெழக்காலயே, தண்ணித்தொட்டி பக்கத்துல இருக்கட்டுமுங்க. சரிங்களா?"

'சரி' என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எழுதிக்கிட்டேன்" என்றேன். அவள் சொன்ன சொல்லை அப்படியே எழுதி, எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்குப் போனேன்.